மாத்திரை கூடுகிறது, கால்சியம் ஏறவில்லை: வாசகர் கேள்வி–பதில்

பாராதைராய்டு சுரப்புக் குறைவு (ரத்தத்தில் கால்சியத்தைக் காக்கும் ஹார்மோன் போதாமை) உள்ளவர்களுக்குச் சீலியாக் நோயும் (கோதுமையால் குடல் கெடும் நோய்) சேர்ந்துகொண்டால் என்ன ஆகும் என்று கேட்டு மதுரையிலிருந்தும் சுற்று ஊர்களிலிருந்தும் வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். ஹார்மோன் மருத்துவரும் குடல் மருத்துவரும் சேர்ந்து எழுதிய பதில்கள் இவை.

என் மனைவிக்கு வயது 38, எடை 52 கிலோ. நான்கு வருடத்துக்கு முன்பு தைராய்டு சுரப்பியை முழுவதும் எடுத்தார்கள். அன்றிலிருந்து கால்சியம் மாத்திரை சாப்பிடுகிறாள். 500 மி.கி. மாத்திரை ஒரு நாளைக்கு நான்கு. கால்சிட்ரியால் (வேலை செய்யும் வடிவிலான வைட்டமின் டி) 0.25 மைக்ரோகிராமில் ஆரம்பித்து இப்போது 2 மைக்ரோகிராம். அப்படியும் ரத்தத்தில் கால்சியம் 100 மில்லிக்கு 7 மி.கி.யைத் தாண்ட மாட்டேன் என்கிறது, விரல்கள் இழுத்துக்கொள்கின்றன. தைராய்டு ஹார்மோன் மாத்திரையான தைராக்சினும் 150 மைக்ரோகிராம் வரை கூட்டியாயிற்று. ரத்தசோகைக்குக் கொடுத்த இரும்பு மாத்திரையும் பலன் தரவில்லை. இப்போது டாக்டர் கோதுமை அலர்ஜி இருக்கிறதா என்று பார்க்கச் சொல்கிறார். கழுத்து ஆபரேஷனுக்கும் கோதுமைக்கும் என்ன சம்பந்தம்?
– வாசகர், திருமங்கலம்

உங்கள் டாக்டர் சரியான இடத்தில்தான் கை வைத்திருக்கிறார். ஆனால் அது அலர்ஜி இல்லை. சீலியாக் என்பது, கோதுமையிலும் பார்லியிலும் இருக்கும் குளுட்டன் என்ற புரதம் உள்ளே போகும்போதெல்லாம் உடம்பின் எதிர்ப்பாற்றல் தன் குடலையே தாக்குகிற நோய்.

தைராய்டுக்குப் பின்னால் அரிசி மணி அளவில் ஒட்டிக்கொண்டிருக்கும் நான்கு பாராதைராய்டு சுரப்பிகள் ஆபரேஷனில் தைராய்டோடு சேர்ந்து போய்விடலாம், அல்லது அவற்றுக்குப் போகும் ரத்த ஓட்டம் அறுந்துவிடலாம். அவை சுரக்கும் ஹார்மோன் இருக்கிறவரை, கால்சியம் குறைந்தால் எலும்பிலிருந்து கொஞ்சம் எடுத்துக் கொடுக்கும். சிறுநீரில் போவதைத் தடுத்து நிறுத்தும். வைட்டமின் டி-யைச் சிறுநீரகத்தில் வேலை செய்யும் வடிவத்துக்கு மாற்றும். ஹார்மோன் போனபின் உடம்புக்கு மிச்சமிருக்கும் ஒரே வாசல் குடல்தான். அந்த வாசலைத் திறந்துவைக்கத்தான் கால்சிட்ரியால்.

கால்சியத்தை முனைப்பாக உறிஞ்சுகிற இடம் முன்சிறுகுடல். இரும்பும் அங்கேதான் உறிஞ்சப்படுகிறது. சீலியாக் முதலில் சிதைப்பதும் அந்தப் பகுதியின் குடலுறிஞ்சிகளைத்தான் (சத்தை உறிஞ்சும், விரல் போன்ற நுண்ணிய நீட்சிகள்). பாராதைராய்டு நன்றாக இருக்கும் ஒருவருக்குச் சீலியாக் வந்தால், அந்த ஹார்மோன் இரண்டு மூன்று மடங்கு கூடியாவது ரத்தத்தில் கால்சியத்தைத் தூக்கிப் பிடித்துவிடும்; எலும்பு தேயுமே தவிர விரல் இழுக்காது. உங்கள் மனைவிக்கு அப்படித் தூக்கிப் பிடிக்க ஆள் இல்லை. அதனால்தான் எத்தனை மாத்திரை போட்டாலும் எண் அசையாமல் நிற்கிறது.

உங்கள் கடிதத்தில் எங்களை நிமிர வைத்தது கால்சியம் அல்ல, தைராக்சின். சுரப்பி முழுவதும் எடுத்தவருக்கு வழக்கமாகக் கிலோவுக்கு 1.6 மைக்ரோகிராம் போதும். 52 கிலோவுக்கு 83 வருகிறது. 150 தேவைப்படுகிறது என்றால் மாத்திரை உள்ளே போகவில்லை என்று அர்த்தம். கால்சியம், தைராக்சின், இரும்பு மூன்றும் ஒன்றாகத் தோற்றால், அளவைக் கூட்டுவதை நிறுத்திவிட்டுக் குடலைப் பார்க்க வேண்டும்.

அதற்கு முன் வீட்டிலேயே சரிபார்க்க வேண்டியவை சில உண்டு. பலருக்குக் கோளாறு இங்கேதான் இருக்கும். தைராக்சினையும் கால்சியத்தையும் காலையில் ஒரே கையில் விழுங்கினால் இரண்டும் ஒட்டிக்கொண்டு தைராக்சின் வெளியே போய்விடும். நடுவில் 4 மணி நேரம் வேண்டும். கால்சியம் கார்பனேட் கரைய இரைப்பை அமிலம் வேண்டும், ஆகவே அதைச் சாப்பாட்டோடு போட வேண்டும். 'கேஸ் மாத்திரை' என்று பான்டோபிரசோல், ஒமிபிரசோல் தினமும் போடுகிறவர்களுக்கு அந்த அமிலமே இருக்காது. அவர்களுக்குக் கால்சியம் சிட்ரேட் ஏற்றது. அட்டையைத் திருப்பிப் பாருங்கள்: கார்பனேட் 1250 மி.கி. என்றால் அதில் கால்சியம் 500 மி.கி.; சிட்ரேட் 1000 மி.கி. என்றால் கால்சியம் 210 மி.கி.தான். கடையில் அந்தக் கார்பனேட்டுக்குப் பதில் இந்தச் சிட்ரேட்டை மாற்றிக் கொடுத்தால் உள்ளே போகும் அளவு பாதிக்கும் கீழே இறங்கிவிடும்.

நேரம் இப்படி இருக்கலாம். விடிகாலை 5 மணிக்கு வெறும் தண்ணீரில் தைராக்சின், காப்பி ஒரு மணி நேரம் கழித்து. 9 மணிக்கு இட்லியோடு கால்சியம். மதியச் சாப்பாட்டோடு ஒன்று, இரவுச் சாப்பாட்டோடு ஒன்று. இரும்பு மாத்திரை மாலை 5 மணிக்கு, எலுமிச்சைச் சாற்றோடு. ஒரே வேளையில் 500 மி.கி.க்கு மேல் கால்சியம் போட்டால் மிச்சம் வீணாகத்தான் போகும். நான்காவது மாத்திரையை எங்கே வைப்பது என்பதை டாக்டரிடம் கேளுங்கள்.

மெக்னீசியமும் பார்க்கச் சொல்லுங்கள். குடல் கெட்டால் அதுவும் குறையும்; மெக்னீசியம் குறைவாக இருக்கும்வரை கால்சியத்தைத் தூக்குவது கல்லில் நார் உரிப்பதுதான். ரத்தப் புரதமான ஆல்புமினின் அளவும் பார்க்க வேண்டும். அது 4-க்குக் கீழே ஒவ்வொரு கிராம் குறைவுக்கும் கால்சிய அளவோடு 0.8 சேர்த்துக் கணக்கிட வேண்டும். கால்சியம் 7.2, ஆல்புமின் 3 என்றால் உண்மையான கணக்கு 8.0. சத்து உறிஞ்சாத உடம்பில் ஆல்புமின் குறைவது சகஜம்; இதைக் கவனிக்காமல் கால்சியத்தைக் கூட்டிவிடக் கூடாது.

இவ்வளவும் சரி என்றால் சீலியாக்கில் கூடும் எதிர்ப்பொருளைக் காட்டும் டி.டி.ஜி. ஐ.ஜி.ஏ. ரத்தப் பரிசோதனை, கூடவே மொத்த ஐ.ஜி.ஏ. அளவு. இரண்டாவது எதற்கு என்றால், சிலருக்குப் பிறவியிலேயே ஐ.ஜி.ஏ. என்ற எதிர்ப்பொருள் வகை கிடையாது, அவர்களுக்கு முதல் பரிசோதனை எப்போதும் 'இல்லை' என்றே சொல்லும். டி.டி.ஜி. கூடியிருந்தால் எண்டோஸ்கோப்பி செய்து முன்சிறுகுடலின் இரண்டாம் பகுதியில் குறைந்தது 4 துணுக்குகளும், அதன் தொடக்கப் பகுதியில் ஒன்றிரண்டும் எடுக்க வேண்டும். சேதம் திட்டுத்திட்டாக இருக்கும். ஒரே துணுக்கு எடுத்தால் தப்பிவிடும். எல்லாம் முடியும்வரை கோதுமையை நிறுத்தாதீர்கள். இதை மட்டும் மறக்க வேண்டாம்.

சோறு தின்கிற நமக்குமா இந்த நோய்? என் தம்பிக்குப் பிறவியிலேயே பாராதைராய்டு குறைவு. வயிற்றுப்போக்கும் உண்டு. யாரோ சொன்னார்கள் என்று மூன்று மாதமாகப் பரோட்டா, சப்பாத்தி எதையும் தொடவில்லை. அதன் பிறகு டி.டி.ஜி. பார்த்ததில் இல்லை என்று வந்திருக்கிறது. நம்பலாமா?
– வாசகி, செல்லூர்

நம்ப முடியாது. குளுட்டனை நிறுத்தினால் அந்த எதிர்ப்பொருள் மெல்ல இறங்கிவிடும். மூன்று மாதத்துக்குப் பிறகு வந்த 'இல்லை'யை வைத்து நோய் இல்லை என்று முடிவு கட்டக் கூடாது.

கோதுமை சாப்பாட்டில் எவ்வளவு என்பதற்கும் நோய்க்கும் தொடர்பு உண்டு. 2016-ல் வெளியான ஓர் இந்திய ஆய்வில் வட இந்தியாவில் 1.23 சதவீதம் பேருக்கும், தென்னிந்தியாவில் 0.10 சதவீதம் பேருக்கும் சீலியாக் இருந்தது. அதற்கு வழிவகுக்கும் மரபணு நம்மிடமும் இருக்கிறது. குறைவாக இருந்தது கோதுமைதான். இன்று காலையில் ரவை உப்புமா, நாலு மணிக்குப் பிஸ்கட், ராத்திரி பரோட்டா என்று மதுரையில் சாப்பிடுகிறவரைச் 'சோறு தின்கிறவர்' என்று எண்ணி அந்தப் பரிசோதனையை விட்டுவிடுவது சரியில்லை.

இனி செய்ய வேண்டியது: முதலில் எச்.எல்.ஏ. டி.கியூ.2, டி.கியூ.8 மரபணுப் பரிசோதனை. இதற்குக் கோதுமை சாப்பிட்டிருக்க வேண்டும் என்பதில்லை. இரண்டும் இல்லை என்றால் சீலியாக் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. விஷயம் அங்கேயே முடிந்தது. இருந்தால் நோய் உண்டு என்று பொருளல்ல, இருக்கலாம் என்றுதான் பொருள். அப்போது குறைந்தது ஆறு வாரம் தினமும் ஒரு வேளைக்கு மேல் கோதுமை சாப்பிட்டுவிட்டு மறுபடி பார்க்க வேண்டும். அந்த ஆறு வாரத்தில் உங்கள் தம்பியின் கால்சியம் சரியக்கூடும். வாரம் ஒருமுறை ரத்தம் பார்த்துக்கொண்டு, டாக்டருக்குத் தெரிந்து மட்டுமே செய்யுங்கள்.

இன்னொரு பக்கமும் உண்டு. நம் பக்கத்தில் குடலுறிஞ்சிகள் தட்டையாவதற்குச் சீலியாக் மட்டும் காரணம் இல்லை. வெப்பமண்டல ஸ்புரூ என்ற நோயும் ஜியார்டியா என்ற ஒட்டுண்ணியும் அதே சேதத்தைச் செய்யும். ஸ்புரூவுக்கு டெட்ராசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக்கும் ஃபோலிக் அமிலமும் சில மாதங்கள் கொடுத்தால் சரியாகும்; ஸ்புரூ வந்தவருக்குக் கோதுமையை ஆயுளுக்கும் தடுத்தால் அது வீண் தண்டனை. ரத்த அழுத்தத்துக்கு ஓல்மிசார்டன் சாப்பிடுகிறவர்களுக்கும் அரிதாக இதே மாதிரி வரும், மாத்திரையை மாற்றினால் நிற்கும். அதனால் பயாப்சி (குடல் துணுக்குப் பரிசோதனை) அறிக்கையில் 'குடலுறிஞ்சி சிதைவு' என்று இருப்பதை மட்டும் வைத்துச் சீலியாக் என்று முத்திரை குத்தக் கூடாது, டி.டி.ஜி.யும் சேர்ந்து வர வேண்டும்.

கால்சியம் மிகவும் குறைந்தாலே கொழுப்பு செரிக்காமல் எண்ணெய்ப்பசையான மலம் போகும் என்பதும் பலருக்குத் தெரியாது. அதற்குக் காரணம் கால்சியக் குறைவுதான், கோதுமை இல்லை. கால்சியத்தை 8-க்கு மேல் கொண்டுவந்தால் நின்றுவிடும். கால்சியம் சரியான பிறகும் போக்கு நிற்கவில்லை என்றால் சந்தேகம் வலுக்கிறது.

தம்பிக்குப் பிறவிக் குறைபாடு என்பதால் ஒரு விஷயம் கேட்டு வையுங்கள். வாயில் அடிக்கடி வெள்ளைப் படலம், உடம்பு கறுத்துக்கொண்டே போவது, எழுந்து நின்றால் மயக்கம் இவை உண்டா? பல சுரப்பிகளை ஒருசேரத் தாக்கும் பரம்பரை நோய் ஒன்றின் அடையாளங்கள் அவை. அதிலும் வயிற்றுப்போக்கு வரும், ஆனால் காரணம் வேறு.

மருமகளுக்குச் சீலியாக் என்று உறுதியாகிவிட்டது. சப்பாத்தி, பரோட்டா, பூரி, பன் எல்லாம் வீட்டுக்குள் வருவதே இல்லை. ஆறு மாதம் ஆகியும் டி.டி.ஜி. இறங்கவில்லை. சாம்பாரும் ரசமும் சோறும்தான் சாப்பிடுகிறாள். எங்கிருந்து வருகிறது?
– வாசகி, மேலூர்

பெருங்காயத்திலிருந்து. முதலில் அஞ்சறைப் பெட்டியைத் திறந்து பாருங்கள், அம்மா.

டப்பாவில் வரும் தூள் பெருங்காயம் பெரும்பாலும் கூட்டுப் பெருங்காயம். பிசினோடு மாவு சேர்த்துத்தான் தூளாக்குகிறார்கள். அந்த மாவு பல தயாரிப்புகளில் கோதுமை அல்லது மைதா. கட்டிப் பெருங்காயத்திலும் மாவு கலப்பது உண்டு, கட்டி என்பதாலேயே சுத்தம் ஆகிவிடாது. அரிசி மாவு சேர்த்தது, குளுட்டன் இல்லாதது என்று அட்டையில் அச்சிட்ட பெருங்காயம் கிடைக்கிறது, அதை வாங்குங்கள். கிடைக்காத மாதத்தில் பெருங்காயம் போடாமலே ரசம் வையுங்கள், பூண்டு கொஞ்சம் கூடத் தட்டிப் போட்டால் போதும். 'ஒரு சிட்டிகைதானே' என்று நினைக்க வேண்டாம். தினம் 50 மில்லிகிராம் குளுட்டன் மூன்று மாதம் தொடர்ந்து போனாலே குடல் சேதமாகிறது என்று ஆய்வில் பார்த்திருக்கிறார்கள். ஒரு துண்டு பிரெட்டில் இருப்பது அதைப் போலப் பல மடங்கு.

அடுத்த இடம் மாவு மில். கேழ்வரகு, கம்பு, குதிரைவாலி, வரகு, சாமை, தினை, சோளம் எதிலும் குளுட்டன் இல்லை. ஆனால் உங்களுக்கு முன்னால் கோதுமை அரைத்த இயந்திரத்தில் உங்கள் கேழ்வரகைக் கொட்டினால் முதல் இரண்டு படி மாவு கோதுமையோடுதான் வரும். வீட்டு மிக்ஸியில் அரைத்துச் சலித்துக்கொள்வது நல்லது. மொத்தமாக அரைக்க வேண்டும் என்றால், மில்லில் அரிசி அரைத்து முடித்த கையோடு போடச் சொல்லுங்கள். கோதுமை சலித்த சல்லடையைத் தொட வேண்டாம். அது தனியாக இருக்கட்டும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறோம். ரவை கோதுமைதான், கேசரி, ரவா தோசை, கிச்சடி எல்லாம் அதில் அடங்கும். சேமியாவும் அப்படியே, 'ராகி சேமியா' என்று எழுதியிருந்தாலும் மைதா கலந்திருக்கும், பின்பக்கம் படியுங்கள். சத்துமாவில் கோதுமை வறுத்துப் போடுவார்கள். பாலில் கலக்கும் மால்ட் பானத்தில் பார்லி இருக்கிறது. ஃப்ரைடு ரைஸில் ஊற்றும் சோயா சாஸில் கோதுமை உண்டு. ஹோட்டலில் பஜ்ஜியும் வடையும் ஒரே எண்ணெய் என்றால் அந்தப் பஜ்ஜி மாவில் மைதா சேர்க்கிறார்களா என்று கேட்க வேண்டும். மதுரையில் பரோட்டா போட்ட கல்லிலேயே கறி தோசையும் ஊற்றுகிறார்கள்; தோசை மாவு அரிசியாக இருந்தும் பலனில்லை. பருத்திப்பால் வீட்டில் பச்சரிசி மாவு போட்டுக் காய்ச்சினால் தாராளமாகக் குடிக்கலாம். சித்திரைத் திருவிழாவில் பந்தலில் கொடுக்கும் நீர்மோரில் பெருங்காயம் இருக்கும், பானகத்தில் இருக்காது.

பொட்டலத்தில் குளுட்டன் இல்லை என்று போட வேண்டுமானால் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்குக் கீழே இருக்க வேண்டும் என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு விதி. கோதுமை என்ற சொல் பட்டியலில் இல்லை என்பதும், குளுட்டன் இல்லை என்று அச்சிட்டிருப்பதும் ஒன்றல்ல.

இதையும் சொல்ல வேண்டும். வீட்டில் மற்றவர்களுக்குச் சப்பாத்தி வேண்டாம் என்று ஆக்க அவசியமில்லை. தனித் தோசைக்கல், தனிச் சல்லடை, தனி ஊறுகாய்க் கரண்டி இருந்தால் போதும். மருமகளால் வீட்டுக்கே சிறை என்ற நினைப்பு வந்துவிட்டால் அவர் ஒளித்துச் சாப்பிட ஆரம்பித்துவிடுவார். அது பெருங்காயத்தைவிட மோசம்.

கோதுமையை விட்டு நான்கு மாதம் ஆகிறது. வயிறு சரியாகி எடையும் 5 கிலோ ஏறியது. ஆனால் ஒரு வாரமாக வாந்தி, மலச்சிக்கல், தாகம், ராத்திரி நாலைந்து தடவை சிறுநீர். ரத்தத்தில் கால்சியம் 11.8. எனக்குக் கால்சியம் குறைவு நோய் அல்லவா, எப்படிக் கூடும்? மாத்திரையை நானே நிறுத்திவிடலாமா?
– வாசகர், வாடிப்பட்டி

கடிதம் போட்டுக் காத்திருக்கும் விஷயமல்ல இது. இதைப் படிக்கும்போது இன்னும் டாக்டரைப் பார்க்கவில்லை என்றால் இன்றே போங்கள். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினினும் பார்க்க வேண்டும். கால்சியம் கூடினால் முதலில் அடிபடுவது சிறுநீரகம். இந்த வெயிலில் உடம்பு வற்றினால் இன்னும் வேகமாக ஏறும்.

குடல் கெட்டிருந்தபோது போட்டதில் பெரும்பகுதி வெளியே போனது. அதை ஈடுகட்ட அளவைக் கூட்டினார்கள். இப்போது குடலுறிஞ்சிகள் மறுபடி முளைத்துவிட்டன. அதே மாத்திரை முழுசாக உள்ளே போகிறது. பத்தியம் சரியாக இருந்ததால் வந்த விளைவு இது. சொல்லப்போனால் நல்ல செய்தி. தைராக்சின் சாப்பிடுகிறவர்களுக்கும் இதே கதைதான், அதுவும் அதிகமாகிப் படபடப்பு வரும்.

நீங்களாக நிறுத்தாதீர்கள். அன்றைக்கு நிறுத்தச் சொல்வது டாக்டர் வேலை, எப்போது எந்த அளவில் மறுபடி ஆரம்பிப்பது என்பதும் அவர் வேலை. கால்சிட்ரியாலின் வேகம் சில நாளில் அடங்கிவிடும். ஹார்மோன் இல்லாத உங்கள் உடம்பில் அதன் பிறகு கால்சியம் மறுபடி கீழே விழும். நிறுத்திவிட்டு ஊருக்குப் போனவர் வலிப்போடு திரும்புவது இப்படித்தான். கால்சிட்ரியாலுக்குப் பதில் 60,000 யூனிட் வைட்டமின் டி சாஷேயை வாராவாரம் சாப்பிட்டிருந்தால் அதையும் சொல்லுங்கள். அது கொழுப்பில் சேர்ந்து வாரக்கணக்கில், சமயத்தில் மாதக்கணக்கில் இறங்காது, சிகிச்சையே மாறும்.

பத்தியம் தொடங்கும் மற்ற வாசகர்கள் கேட்டுக்கொள்ளுங்கள். முதல் மூன்று மாதம் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கால்சியம், பாஸ்பரஸ், கிரியாட்டினின் பார்ப்பது நல்லது. அளவு மாற்றினால் ஒரு வாரத்தில் ஒருமுறை. அதன்பின் மாதம் ஒன்று. குடல் முழுவதும் ஆற ஓராண்டோ இரண்டாண்டோ ஆகலாம். அதுவரை இந்தக் கணக்கு நகர்ந்துகொண்டே இருக்கும். எட்ட வேண்டிய கால்சியம் ஏறக்குறைய 8 முதல் 9. மற்றவர்களைப் போல 9.5, 10 என்று ஆசைப்படக் கூடாது, ஏனென்றால் அந்த ஹார்மோன் இல்லாத சிறுநீரகம் கால்சியத்தைத் தக்கவைக்காமல் சிறுநீரில் கொட்டும், கல் வரும். டி.டி.ஜி. இறங்குவதைக் காத்திருந்து பிறகு மாத்திரையைக் குறைக்கலாம் என்று எண்ண வேண்டாம். அது மெதுவாக இறங்கும். கால்சியம் அதற்கு முன்பே ஏறிவிடும்.

சிறுநீரில் எவ்வளவு போகிறது என்று 24 மணி நேரச் சேகரிப்பில் தெரியும். பெண்களுக்கு 250, ஆண்களுக்கு 300 மி.கி.க்குள் இருக்க வேண்டும். காலை 6 மணிக்கு எழுந்து முதல் சிறுநீரைக் கழித்துவிடுங்கள், அதைப் பிடிக்கக் கூடாது. அதன் பிறகு பகலும் இரவும் ஒரு சொட்டு விடாமல் கேனில் சேருங்கள். மறுநாள் 6 மணிக்கு வரும் முதல் சிறுநீரையும் சேர்த்து முடித்துவிடுங்கள். நடுவில் ஒரு தடவை வெளியே போய்விட்டாலும் மறுபடி முதலிலிருந்து.

ஆஸ்பத்திரியில் என் மகளுக்குக் 'கால்சியம் குளுக்கோனேட்' ஊசி போட்டார்கள். அவளுக்குச் சீலியாக். அதில் குளுட்டன் இருக்கிறதா?
– வாசகி, சோழவந்தான்

இல்லை. பெயரில்தான் ஒற்றுமை. குளுக்கோனேட் சர்க்கரையிலிருந்து வருவது, தயங்காமல் போடலாம். மாத்திரைகளில் சேர்க்கும் ஸ்டார்ச் எதிலிருந்து எடுத்தது என்று மட்டும் மருந்துக் கடையில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேழ்வரகில் கால்சியம் அதிகம் என்கிறார்களே. குளுட்டனும் இல்லை. களியும் கூழும் சாப்பிட்டு மாத்திரையைக் குறைக்கலாமா?
– வாசகர், உசிலம்பட்டி

சாப்பிடுங்கள், ஆனால் மாத்திரைக்கு மாற்றாக வைக்காதீர்கள். 100 கிராம் கேழ்வரகில் 350 மி.கி. அளவுக்குக் கால்சியம் இருப்பது உண்மை. அதிலுள்ள ஃபைட்டேட் அதைப் பிடித்து வைத்துக்கொள்வதால் குடலில் சேர்வது குறைவு. ஊறவைத்து முளைகட்டினால் அல்லது கூழாகப் புளிக்கவைத்தால் கொஞ்சம் கூடும். பாலில் 200 மில்லிக்கு 240 மி.கி. வரை கிடைக்கும், குடல் கெட்டிருக்கும் முதல் சில மாதம் பால் ஒத்துக்கொள்ளாமல் வயிறு உப்பினால் தயிரும் மோரும் சாப்பிட்டுப் பாருங்கள். பாலிலும் கோலா பானங்களிலும் பாஸ்பரஸ் உண்டு. பாராதைராய்டு குறைவில் ஏற்கெனவே அது கூடியிருக்கும். பாலை அளவாகவும் கோலாவை அறவே இல்லாமலும் வைத்துக்கொள்ளுங்கள்.

ராத்திரியில் கை இழுத்துக்கொண்டால் வீட்டில் என்ன செய்வது? தினமும் போடும் ஹார்மோன் ஊசி இருக்கிறதாமே?
– வாசகி, திருப்பரங்குன்றம்

உதட்டைச் சுற்றி மரத்துப்போவது, விரல் நுனியில் எறும்பு ஊர்வது போன்ற உணர்வு மட்டும் என்றால், டாக்டர் முன்பே சொல்லி வைத்திருக்கும் கூடுதல் கால்சியம் மாத்திரையை மென்று தண்ணீர் குடித்துவிட்டு, காலையில் ரத்தம் பாருங்கள். கை மணிக்கட்டு மடங்கி விரல்கள் குவிந்து விறைத்தால், மூச்சு இழுக்கும்போது தொண்டையில் சத்தம் வந்தால், வலிப்பு வந்தால் காத்திருக்காமல் 108. ஆஸ்பத்திரியில் இ.சி.ஜி. பார்த்தபடி 10 சதவீதக் கால்சியம் குளுக்கோனேட் 10 மில்லியை 10 நிமிடம் எடுத்து மெதுவாக ஏற்றுவார்கள். வேகமாக ஏற்றினால் இதயத் துடிப்பு தடுமாறும். ஒரு குப்பியில் கால்சியம் 93 மி.கி.தான், சீக்கிரம் தீர்ந்துவிடும். அதனால் தொடர்ந்து சொட்டு மருந்தும் தேவைப்படலாம். ஊசி போட்டதும் சரியாகிவிட்டது என்று உடனே கையெழுத்துப் போட்டு வீட்டுக்குக் கிளம்பாதீர்கள். 'பாராதைராய்டு குறைவு, சீலியாக், கால்சிட்ரியால் இவ்வளவு' என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிய சீட்டு ஒன்று பர்ஸில் எப்போதும் இருக்கட்டும்.

ஊசியைப் பொறுத்தவரை, தோலுக்கடியில் போடும் டெரிபாரடைட் (பாராதைராய்டு ஹார்மோனின் ஒரு பகுதி) குடலைத் தொடாமல் வேலை செய்யும் என்பதால் மாத்திரை உறிஞ்சப்படாத சிலருக்குச் சில மருத்துவர்கள் கொடுக்கிறார்கள். அது எலும்பு தேய்மானத்துக்கென்று அனுமதிக்கப்பட்ட மருந்து. இந்த நோய்க்கு ஒரு நாளைக்கு இரண்டு முறைகூடப் போட வேண்டியிருக்கும், செலவும் அதிகம். குடல் ஆறாமல் இருப்பதற்குக் காரணம் பெருங்காய டப்பாவா, மாவு மில்லா என்று தேடிப் பார்க்காமல் அந்த ஊசிக்குப் போக வேண்டாம்.